மாத்திரைச் செலவும் புண் செலவும்: எங்கள் வீட்டுக் கணக்கு

சுகருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் தொகையாகச் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்ப்பு. சொல்லத்தான் செய்கிறேன், ஆனால் ஒரு தொகையோடு நிறுத்துவதில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் என் வீட்டுக்காரர். இரண்டு பேருக்கும் ஆன செலவு வீட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எந்தச் செலவு எதைத் தடுக்கிறது என்பது தெரியும்.

அப்பா ஈரோட்டை அடுத்து நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினார். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை. தறிக்கூடத்துக்குள் செருப்புப் போடும் வழக்கம் கிடையாது. சுகர் இருப்பது 2006 வாக்கில் தெரிந்தது. அதன் பிறகு மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவார். கூலி குறைந்த வாரம் மாத்திரையும் இருக்காது. நடுநடுவே, ஒரு மண்டலத்தில் சுகரை வேரோடு எடுத்துவிடும் என்று விளம்பரம் செய்த லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் போனது. அம்மா டாக்டரிடம் போகச் சொன்னால், "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, என்னத்துக்குப் போறது? மாத்திரையை ஏத்திக்கிட்டே போனா கிட்னி போயிருங்கறாங்க" என்பார். அவரோடு தறி ஓட்டிய எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

2014 தீபாவளிக்கு வாங்கிய செருப்பின் வார் உரசி, வலது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு கொப்புளம் வந்தது. அப்பாவுக்கு வலி தெரியவில்லை. காலில் உணர்ச்சி குறைந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்பதே யாருக்கும் தெரியாது. கொப்புளம் உடைந்த பிறகும் அதே காலோடு பஞ்சுத் தூசியிலும் எண்ணெயிலும் நின்றார். நாற்றம் வந்தபோது அம்மாதான் கவனித்தார். அதற்குள் விரல் கறுத்துவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் முதலில் ஒரு விரல், அப்புறம் பக்கத்து விரல், அதன் பிறகு தோல் ஒட்டு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மருத்துவமனைக்கும் மருந்துக்கும் சுமார் 1,85,000 ரூபாய். ஒருநாள் விட்டு ஒருநாள் புண் கட்டுவது, அதற்குப் போகவர ஆட்டோ எல்லாம் சேர்த்து 35,000. அம்மாவின் நகையை அடகு வைத்ததற்கு வட்டி 30,000. அப்பா ஏழெட்டு மாதம் தறிக்குப் போகவில்லை. அன்றைய வாரக்கூலி 2,500 என்றால் 75,000 போயிற்று. அம்மா அதே தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார், அதாவது தறிக்கான ஊடை நூலைச் சுற்றும் வேலை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவரும் நின்றதில் 27,000. கூட்டினால் மூன்றரை லட்சம்.

இதில் மருத்துவமனை பில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. மற்றதெல்லாம் பில்லில் வராத செலவு. சுகரால் ஆகும் நஷ்டத்தைப் பேசும்போது எல்லோரும் ஆஸ்பத்திரித் தொகையை மட்டும் சொல்கிறார்கள். வராமல் போன கூலியையும், கூட இருந்தவரின் கூலியையும் யாரும் சேர்ப்பதில்லை. தினக்கூலி, வாரக்கூலிக் குடும்பத்துக்கு அடி விழுவது அங்கேதான். அப்பாவுக்குத் தறி முதலாளியிடம் 40,000 ரூபாய் முன்பணக் கடனும் இருந்தது. வேலைக்குப் போனால்தான் அது கழியும். போகாததால் நின்ற இடத்திலேயே நின்றது. அதைக் கழிக்க, பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த என் தம்பி தறிக்கு வந்தான். அந்த டிப்ளமோ கடைசிவரை முடியவில்லை. அதை எந்தத் தொகையாக எழுதுவது?

அதன் பிறகு அப்பாவால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. காவலாளி வேலைக்குப் போனார், முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் சம்பளம். சுகர் தெரிந்ததிலிருந்து புண் வரும் வரைக்குமான எட்டு வருடமும் ஒழுங்காக டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் சோதனையும் மாதம் 400 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 38,400 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி ஆகவில்லை. சென்னை ராயபுரத்தில் 1954 முதல் நடக்கும் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் நோயாளிகளின் செலவைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கச் சிக்கல் எதுவும் இல்லாத சர்க்கரை நோயாளிக்கு ஆவதைப் போலக் கால் புண் வந்தவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு செலவாகிறது என்று வெளியிட்டார்கள். 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். எத்தனை வீட்டு நகை, எத்தனை பிள்ளைகளின் படிப்பு இதில் மாட்டியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி வைத்திருக்கிறார். பள்ளிபாளையத்திலிருந்து துணி லோடு ஏற்றி ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் ஓட்டுவார். 2021இல், ஊரடங்கு தளர்ந்த சமயம், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நடந்த இலவச முகாமில் பார்த்தபோது சாப்பிட்ட பின் சர்க்கரை 286. மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 9.4. வயது நாற்பது ஆகவில்லை. அன்று இரவே நோட்டில் ஒரு புதுத் தலைப்புப் போட்டேன். மருத்துவச் செலவு என்ற பக்கத்தில் எழுதவில்லை. அந்தப் பக்கம், "வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற செலவுகளுக்கானது. வாடகை, வண்டித் தவணை, பள்ளிக் கட்டணம் வரும் பக்கத்தில் எழுதினேன். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தில் உள்ளதை எடுத்து வைத்தாக வேண்டும்.

மூன்று மாத சராசரி சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துக் கடந்த மூன்று மாத நிலவரத்தைச் சொல்லிவிடலாம். டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. பெரும்பாலோருக்கு 7க்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் தளர்த்துவார்கள். எங்கள் பக்கத்து லேப்பில் 450 ரூபாய். நான் செய்யும் செலவுகளில் அதிகம் பயன் தருவது இந்த 450தான், ஏனென்றால் மற்ற ரூபாய்களெல்லாம் வேலை செய்கின்றனவா என்று சொல்வது அது.

ஆரம்பத்திலேயே இறக்கிவிட வேண்டும் என்பதில் டாக்டர் பிடிவாதமாக இருந்தார். காரணத்தையும் சொன்னார். பிரிட்டனில் 1977இல் தொடங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இருபது வருடம் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 37 விழுக்காடு குறைவாக இருந்தன. ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, தொடக்க வருடங்களில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அந்தப் பலன் இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தது. பிற்பாடு அவர்களின் சர்க்கரை அளவும் வழக்கமான சிகிச்சையில் இருந்த மற்றவர்களின் அளவும் ஒன்றாகிவிட்டபோதும் அப்படித்தான். முதல் சில வருடங்களில் போடும் பணத்துக்குப் பலன் அதிகம் என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு 9.4 என்பது ஒரு வருடத்துக்குள் 7.8 ஆகி, 6.9க்கு வந்தது.

அதற்குள் ஒரு மாற்றம் எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. முன்பெல்லாம் மத்தியானம் சாப்பிட்டதும் அசதி தாங்காமல் வண்டியை ஓரம் கட்டித் தூங்கிவிடுவார். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்து தூக்கம் கெட்டிருக்கும். சர்க்கரை இறங்கியதும் இரண்டும் குறைந்தன. தூங்கிய நேரத்தில் இப்போது இன்னொரு உள்ளூர் லோடு எடுக்கிறார். சோதனைக்கும் மாத்திரைக்கும் போகும் பணம் பெரும்பாலும் அந்த லோடுகளிலிருந்தே வந்துவிடுகிறது.

மாத்திரைச் செலவு குறைந்ததையும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின் மாதிரி அடிப்படை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் ஊருக்கும் வந்தது. பேரைப் பதிந்துவிட்டால் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். சிலர் இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்து அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்பாவுக்கு இப்போது அந்த மாத்திரைதான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வரிசையில் நிற்பதற்காக அரைநாள் கூலியை விட வேண்டிய தேவையும் இல்லை.

வீட்டுக்காரருக்குக் கூடுதலாக இன்னொரு மாத்திரை தேவைப்பட்டது. டாக்டர் முதலில் சொன்ன சிட்டாகிளிப்டின் அப்போது ஒன்று 40 ரூபாய்க்குப் பக்கம். மாதம் 1,200 கட்டாது என்று நேராகவே சொன்னோம். சொன்னது நல்லதாயிற்று. "அப்பவே சொல்லுங்க, வாங்காம விட்டுட்டு இங்க வந்து சாப்பிட்டேன்னு சொல்றவங்கதான் எனக்குப் பயம்" என்றார். வேறு விலை குறைந்த மாத்திரையில் ஆரம்பித்தார். 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் 10, 15 ரூபாய்க்கு வந்தது. அப்போது மாற்றிக் கொடுத்தார். இதே மாதிரி எம்பாகிளிஃப்ளோசின் ஒரு மாத்திரை 60 ரூபாய் வரை விற்றது, 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பத்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் காப்பு என்று சிட்டாகிளிப்டினுக்குப் பதிலாக அதைத்தான் இப்போது கொடுக்கிறார். ஆகவே பழைய சீட்டிலேயே வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள், இதே மருந்து விலை குறைந்த பெயரில் வந்திருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரை, அதாவது மூலப்பெயரில் விலை குறைவாக விற்கும் மாத்திரை, கிடைக்கிறது. அட்டையில் மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீங்களாக மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

பணம் கசியும் இடம், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் பட்டை. மீட்டர் மலிவாகத்தான் இருக்கும், பட்டை ஒன்று 15 முதல் 20 ரூபாய். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்த்து, அதே எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பதால் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் கதை வேறு, அவர்கள் டாக்டர் சொன்னபடி பார்த்தே ஆக வேண்டும். நாங்கள் ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் மட்டும் பார்க்கிறோம். அரிசி பருப்பு சாதம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு? அதே அளவில் பாதி சாதம், ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல், இரண்டு முட்டை என்றால் எவ்வளவு? இட்லியை ஐந்திலிருந்து மூன்றாக்கி மேலே பாசிப்பயறு சேர்த்தால்? இப்படிப் பார்த்ததில் எங்களுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துவரும் என்பது பணம் கொடுத்து யாரிடமும் கேட்காமலே தெரிந்துவிட்டது.

சாப்பாட்டுக்குத் தனிச் செலவு என்று எதுவும் கிடையாது. நீரிழிவு மாவு, சுகர் ஃப்ரீ பிஸ்கட் என்று டப்பாவில் விற்பது எதையும் நான் வாங்குவதில்லை. கம்பும் ராகியும் நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். ராகிக் களி என்று இரண்டு உருண்டை உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நம் நாட்டுச் சாப்பாட்டில் 62 விழுக்காடு ஆற்றல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அரிசியைக் குறைத்த காசில் பயறும் முட்டையும் கீரையும் வாங்கினால் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும். முட்டைக்கு நாமக்கல் மாவட்டத்தில் என்ன பஞ்சம்?

வண்டி ஓட்டுகிறவர்கள் தாழ்சர்க்கரையைப் பற்றிக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிளிமிபிரைட் வகை மாத்திரை போட்டுக்கொண்டு, லோடு இறங்கத் தாமதமாகிச் சாப்பாடு தவறிவிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் பிடித்திருந்தால் ஒரே ஒரு விபத்து குடும்பத்தையே கவிழ்த்துவிடும். வீட்டுக்காரர் டேஷ்போர்டில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறார். அறிகுறி வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், அப்புறம் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அது மெதுவாகத்தான் ஏறும். சாப்பாட்டு நேரம் நிலையில்லாத வேலை என்று டாக்டரிடம் முதலிலேயே சொன்னால், தாழ்சர்க்கரை வராத மாத்திரையாகப் பார்த்துக் கொடுப்பார்.

கண் சோதனை வருடத்துக்கு ஒருமுறை. விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கினாலும் பார்வை நன்றாகவே இருக்கும், ஆகவே நன்றாகத் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் லேசரில் நிறுத்தலாம். முற்றிவிட்டால் ஊசியும் அறுவையும், அதற்கு மேல் ஓட்டுநர் வேலையே போய்விடும். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுவிட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. அதனால் லோடு இல்லாத நாளாகப் பார்த்து, தம்பியைக் கூட்டிக்கொண்டு போவார்.

கால் சோதனைதான் என்னை மிகவும் பாதித்தது. நர்ஸ் ஒரு கைப்பிடியில் பொருத்திய நைலான் நூலை எடுத்தார். அது பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடியில், முன்பாதத்தில், குதிகாலில் என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "இப்போ தெரியுதுங்களா?" என்று கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் தெரிகிறது என்று சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு எட்டு வருடத்தில் யாராவது ஒருமுறை இந்த நூலை வைத்துப் பார்த்திருந்தால் கால் மரத்திருப்பது தெரிந்திருக்கும், புதுச் செருப்பை அப்படி மாட்டிக்கொண்டு திரிய விட்டிருக்க மாட்டோம். டாக்டரிடம் போகும்போது நீங்களே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். கேட்டால்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள்.

வீட்டில் தினமும் ராத்திரி செல்போன் வெளிச்சத்தில், சின்னக் கண்ணாடி ஒன்றைப் பாதத்துக்குக் கீழே பிடித்து அப்பா காலைப் பார்த்துக்கொள்கிறார். விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்துவிட்டு, குதிகாலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். இடுக்கில் தடவினால் ஈரம் தங்கிப் புண் வரும். காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு. தொழுநோயால் கால் மரத்தவர்களுக்காக வேலூர்ப் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் காலத்திலிருந்து பயன்பட்டுவரும் மெத்தென்ற ரப்பர் அது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பின்பட்டையோடு வாங்க வேண்டும். புதிதாக வாங்கினால் முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

சிறுநீரகத்துக்கு வருடம் ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவதற்கு முன்பே அதில் தெரிந்துவிடும், அப்போது தடுப்பது சுலபம். மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போகும் என்ற பேச்சு தறிக்கூடங்களில் இன்னும் ஓயவில்லை. கிட்னியைக் கெடுப்பது உயர்ந்த சர்க்கரையும் உயர்ந்த ரத்த அழுத்தமும். கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற வலி மாத்திரைகளுக்கும் அதில் பங்கு உண்டு, அதைத்தான் நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அரசுக் காப்பீட்டில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுக்கை, போகவரப் பயணம், கூடவே மகன். அந்த நாள்களில் அவன் வேலைக்குப் போக முடியாது. நிரந்தர வேலையில் இருந்தவன் இப்போது கிடைத்த நாளுக்கு வேலை பார்க்கிறான். சிகிச்சை முழுக்க இலவசம் என்றாலும் நோய் இலவசம் ஆகிவிடாது என்று அந்த வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

காப்பீடு பற்றி இரண்டு விஷயம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் மட்டும்தான் செல்லும். அவசரத்தில் பக்கத்தில் இருந்த இடத்துக்கு ஓடினோம் என்றால் அட்டை கையில் இருந்தும் பிரயோசனப்படாது. உங்கள் ஊரில் எந்த மருத்துவமனை சேர்ந்திருக்கிறது என்று அமைதியான நாளில் விசாரித்து, அதன் போன் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தனியார் காப்பீடு எடுக்கிறவர்கள் சுகரை மறைக்கவே கூடாது. மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையலாம், ஆனால் பணம் கேட்கும்போது பழைய லேப் சீட்டு ஒன்றே போதும், மறுத்துவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நான்கு வருடமாக இருந்ததை 2024இல் மூன்று வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போதே எடுத்தால்தான் சுலபமாகக் கொடுப்பார்கள்.

சரி, இப்போது வீட்டுக்காரருக்கு வருடத்துக்கு ஆகும் செலவு. டாக்டர் கட்டணம் 1,600. மூன்று மாத சராசரி சோதனை நான்கு முறைக்கு 1,800. சிறுநீரகம், கொழுப்பு சோதனைகள் 1,200. கண் 500. கடையில் வாங்கும் மாத்திரை 4,200. பட்டை 2,400. செருப்பு 900. மொத்தம் 12,600 ரூபாய். நாளுக்கு 35 ரூபாய்க்குள் முடிகிறது, பேக்கரியில் ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிட்டால் ஆகிற காசு. அப்பாவின் ஒரு புண்ணுக்கு ஆன மூன்றரை லட்சத்தில் இதை இருபத்தேழு வருடம் ஓட்டலாம். விலைவாசி ஏறும் என்பது தெரியும், ஆனால் அப்பாவுக்கு ஆனதும் பத்து வருடத்துக்கு முந்தைய விலைதானே.

இந்தக் கணக்கை என் தம்பி வேலை பார்க்கும் தறிக்கூடத்து முதலாளியிடமும் ஒருநாள் போட்டுக் காட்டினேன். தறிக்காரர் ஒருவர் கால் புண்ணோடு மூன்று வாரம் படுத்துவிட்டால் அவர் பார்க்கும் தறிகள் அத்தனையும் நிற்கின்றன, ஆர்டர் தள்ளிப்போகிறது, கொடுத்த முன்பணம் முடங்குகிறது. கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, டாக்டரை இங்கேயே வரவெச்சுப் பார்க்க முடியுங்களா?" என்றார். 2024 முதல் தொழிலாளர்களை வேலை இடத்திலேயே பரிசோதிக்கும் திட்டம் இருப்பதைச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேசினார், வந்து பார்த்தார்கள். சுகர் இருப்பதே தெரியாமல் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலர் அதில் தெரியவந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர்கள் பேரையும் பதிந்தாயிற்று.

அதன் பிறகு முதலாளி தறிக்கூடத்துக்குள் போடுவதற்கென்று தனிச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார், வெளிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் அவரிடம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆட்களின் பேர், வயது மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸைப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரச் சொன்னால் இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.